‘ஒரு’ வந்தால் ‘ஏ’ வருமா? ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘ஏ’, ‘ஆன்’ போடும் கணக்கு

மன்னார்குடிப் பக்கம் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காக ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வி இது: “‘அப்பா விவசாயி’ என்பதில் ‘ஒரு’ கிடையாது. ஆங்கிலத்தில் மட்டும் ‘ஏ ஃபார்மர்’ என்று ஏன் போட வேண்டும்? ‘ஒரு நிலம் வாங்கினோம்’ என்பதில் ‘ஒரு’ இருக்கிறது. ‘ஏ லேண்ட்’ என்று எழுதினால் ஏன் தப்பு என்கிறார்கள்? இதற்கெல்லாம் விதி உண்டா, இல்லை பழகித்தான் வர வேண்டுமா?”

விதி உண்டு. முதலில் ஒன்றை விட்டுவிட வேண்டும்: தமிழ் வாக்கியத்தில் ‘ஒரு’ இருக்கிறதா என்று பார்த்து ‘ஏ’ போடுகிற வழக்கத்தை. நம் பிள்ளைகள் செய்கிற ஆர்ட்டிகிள் (‘ஏ’, ‘ஆன்’, ‘தி’) தப்புகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். ‘ஏ’ என்று எழுதியிருக்கும் இடத்தைப் பேசும்போது ‘அ’ என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அழுத்தி ‘ஏ’ என்பது வலியுறுத்திச் சொல்லும்போது மட்டும்தான்.

பெயர்ச்சொல் வந்ததும் மகள் இந்த வரிசையில் பார்க்கட்டும். அது ஒருமையா? பன்மை என்றால் ‘ஏ’வுக்கு வேலையே இல்லை. ஒருமைதான் என்றால், அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ண முடியுமா? முடியாது என்றால் ‘ஏ’ வராது. முடியும் என்றால், எதைச் சொல்கிறோம் என்று கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியுமா? தெரியும் என்றால் ‘தி’. தெரியாது என்றால் ‘ஏ’ அல்லது ‘ஆன்’. சொல்லுக்கு முன்னால் ‘மை’, ‘திஸ்’, ‘எவ்ரி’, ‘ஒன்’ போல ஏதாவது உட்கார்ந்திருந்தால் ‘ஏ’வுக்கு இடமில்லை. கடைசியாகத்தான் ‘ஏ’யா ‘ஆன்’ஆ என்ற கேள்வி. அதுவும் அடுத்து வரும் சொல்லின் ஒலியைப் பொறுத்தது.

கேட்பவருக்குத் தெரியுமா என்பதை ஒரு சிறு பத்தியில் பார்க்கலாம். ‘இன் நவம்பர் 2018 ஏ சைக்ளோன் ஹிட் தி டெல்டா. தி சைக்ளோன் அப்ரூட்டட் கோக்கனட் ட்ரீஸ் நியர் வேதாரண்யம்.’ முதல் வாக்கியத்தில் புயல் என்ற பேச்சே அப்போதுதான் வருகிறது, அதனால் ‘ஏ சைக்ளோன்’. இரண்டாவதில் எந்தப் புயல் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிட்டது, ‘தி சைக்ளோன்’. தென்னை மரங்கள் பன்மை, எந்த மரங்கள் என்றும் குறிக்கவில்லை, எனவே ஒன்றுமே இல்லை. இதையே பெயர் சொல்லி ‘சைக்ளோன் கஜா’ என்று எழுதினால் பெயருக்கு முன்னால் ஆர்ட்டிகிள் வராது. கட்டுரை எழுதும் பிள்ளைகள் இந்த நான்கு இடத்தையும் ஒரே பத்தியில் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இனி ‘அப்பா விவசாயி’. ஒருவர் யார், ஒரு பொருள் என்ன என்று வகை சொல்லும்போது தமிழுக்கு ‘ஒரு’ தேவைப்படுவதில்லை. அவர் டாக்டர், அது நல்ல பாம்பு, கல்லணை பழைய அணை. ஆங்கிலத்தில் இந்த இடத்தில் ‘ஏ’ கட்டாயம். ‘மை ஃபாதர் இஸ் ஏ ஃபார்மர்’ என்றால் விவசாயிகள் என்ற கூட்டத்தில் அவரும் ஒருவர் என்று பொருள். ‘தட் இஸ் ஏ கோப்ரா.’ ‘கல்லணை இஸ் ஆன் ஓல்டு டேம்.’ வகைப்படுத்தும் ‘ஏ’ இது. தமிழில் ஜாடையே காட்டாமல் இருப்பதால் நாம் அதிகம் விடுவது இதைத்தான். ‘ஆஸ்’ என்ற சொல்லுக்குப் பிறகும் அப்படியே: ‘ஷி ஒர்க்ஸ் ஆஸ் ஏ நர்ஸ் இன் தஞ்சாவூர்’.

இங்கே இரண்டு விலக்கு. பெயர்ச்சொல் இல்லாமல் பெயரடை மட்டும் இருந்தால் ‘ஏ’ கிடையாது: ‘ஹி இஸ் டால்’, ஆனால் ‘ஹி இஸ் ஏ டால் மேன்’. ஒரே ஒருவர் மட்டும் வகிக்கும் பதவியைச் சொன்னாலும் கிடையாது: ‘ஷி வாஸ் எலெக்டட் பிரசிடென்ட் ஆஃப் தி பஞ்சாயத்து’. ஊராட்சிக்குத் தலைவர் ஒருவர்தான், அவரைக் கூட்டத்தில் ஒருவர் என்று சொல்ல முடியாது. வார்டு மெம்பர் பல பேர் இருப்பார்கள், ஆகவே ‘ஷி இஸ் ஏ வார்டு மெம்பர்’.

எதிர்ப்பக்கம் வருவோம். தமிழில் ‘ஒரு’ இருந்தும் ஆங்கிலத்தில் ‘ஏ’ வராத இடங்கள் நிறைய. ‘ஒரு பத்து பேர் வந்தாங்க’ என்பதில் ‘ஒரு’ சுமார் என்ற பொருளில் நிற்கிறது. ‘அபவுட் டென் பீப்பிள் கேம்’ என்றுதான் வர வேண்டும். கதை சொல்லும்போது ‘ஒரு நாள்’ என்பதை ‘ஏ டே’ என்று எழுதக்கூடாது, ‘ஒன் டே’. ‘ஒரு தடவை போனேன்’ என்பது ‘ஒன்ஸ்’, ‘ஏ டைம்’ ஆகாது. ‘என் நண்பர் ஒருத்தர்’ என்பதை ‘ஏ மை ஃபிரெண்ட்’ என்றோ ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்’ என்றோ எழுதுவார்கள், இரண்டும் தப்பு. ‘ஏ ஃபிரெண்ட் ஆஃப் மைன்’, அல்லது ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ்’ என்று பன்மையில். ‘முருகன்னு ஒருத்தர் போன் பண்ணினார்’ என்பதற்கு ஆங்கிலத்தில் அழகான வழி இருக்கிறது: ‘ஏ மிஸ்டர் முருகன் கால்டு’. எனக்குத் தெரியாத முருகன் என்ற குறிப்பை அந்த ஒற்றை ‘ஏ’ சுமந்துகொள்ளும்.

‘எனக்கு ஒரு பொண்ணு’ என்பதில் இரண்டும் பொருந்தும், பொருள்தான் மாறும். ‘ஐ ஹேவ் ஏ டாட்டர்’ என்றால் மகள் இருக்கிறாள் என்ற செய்தி. ‘ஐ ஹேவ் ஒன் டாட்டர்’ என்றால் எத்தனை என்ற கேள்விக்குப் பதில். எண்ணிக்கையில் அழுத்தம் இல்லாத இடத்தில் ‘ஒன்’ போட்டுக்கொண்டே போவது தமிழ்க் காதுக்குச் சரியாகப் படும், ஆங்கிலத்தில் உறுத்தும்.

அடுத்தது நிலம். இந்தக் கேள்வியின் கனமான பகுதி இதுதான். ஆங்கிலத்தில் ஒரு சொல்லை எண்ணலாமா கூடாதா என்பது பொருளைப் பார்த்து முடிவாவதில்லை, அந்த மொழியின் வழக்கம் முடிவு செய்கிறது. வயலுக்கு வரப்பு இருக்கிறது, எண்ணிவிடலாம்: ‘ஏ ஃபீல்டு’. ஏக்கர், சென்ட் எல்லாம் அளவு, எண்ணலாம்: ‘ஆன் ஏக்கர்’, ‘ஏ சென்ட்’. ஆனால் சொத்தாக, விளைநிலமாக வரும் ‘லேண்ட்’ எண்ண முடியாத சொல். ‘வி பாட் ஏ லேண்ட்’ என்று நம் ஊரில் எல்லாரும் சொல்வதுதான், ஆனாலும் தப்பு. ‘வி பாட் சம் லேண்ட்’, ‘வி பாட் ஏ பீஸ் ஆஃப் லேண்ட்’, வீட்டுமனை என்றால் ‘ஏ பிளாட் ஆஃப் லேண்ட்’. மா, வேலி என்ற பழைய நில அளவுக் கணக்கில் சொன்னாலும் அப்படித்தான்: ‘ஏ வேலி ஆஃப் லேண்ட்’. அளவுக்குத்தான் ‘ஏ’.

நெல், அரிசி, சோறு, உரம், தண்ணீர் எல்லாவற்றுக்கும் இதே வழி. நெல் என்ற பொருளில் ‘ஏ பேடி’ கிடையாது, ‘ஏ பேடி ஃபீல்டு’ உண்டு. ஏனென்றால் அங்கே ‘ஏ’ பேடியைப் பார்க்கவில்லை, கடைசியில் நிற்கும் ஃபீல்டைப் பார்க்கிறது. இதை மகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள்: சொற்கள் அடுக்காக வந்தால் எண்ணலாமா என்பதைக் கடைசிப் பெயர்ச்சொல்லில் பார்க்க வேண்டும். ‘ஏ பேக் ஆஃப் பேடி’, ‘ஏ கிரெய்ன் ஆஃப் ரைஸ்’, ‘ஏ கிளாஸ் ஆஃப் வாட்டர்’ என்று ‘ஆஃப்’ வரும்போது மட்டும் ‘ஆஃப்’புக்கு முந்திய சொல்லைப் பார்க்க வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை பிடிக்கிறார்கள் அல்லவா, அது ‘ஏ ஃபார்ட்டி கிலோ பேக் ஆஃப் பேடி’.

எண்ண முடியாத சொல்லே சில நேரம் எண்ணக்கூடியதாக மாறும். வகையைச் சொன்னால் மாறும்: ‘மாப்பிள்ளைச் சம்பா இஸ் ஏ ரைஸ் வித் ரெட் கிரெய்ன்ஸ்’ சரியான வாக்கியம், ‘ஐ ஏட் ஏ ரைஸ்’ தப்பு. கடையில் கேட்கும்போது மாறும்: கும்பகோணத்தில் உட்கார்ந்து ‘ஏ காஃபி, ப்ளீஸ்’ என்றால் ஒரு டம்ளர் காபி என்று பொருள். பொருளே வேறாகும்போதும் மாறும். ‘பேப்பர்’ என்றால் காகிதம், ‘ஏ பேப்பர்’ என்றால் செய்தித்தாளோ கேள்வித்தாளோ. ‘அயர்ன்’ இரும்பு, ‘ஆன் அயர்ன்’ இஸ்திரிப் பெட்டி. ‘சிக்கன்’ கறி, ‘ஏ சிக்கன்’ உயிருள்ள கோழி. ‘வி ஏட் ஏ சிக்கன்’ என்றால் முழுக்கோழியைத் தின்றதாக ஆகிவிடும். ‘ஒர்க்’ வேலை, எண்ண முடியாது. உத்தியோகம் என்ற பொருளில் ‘ஏ ஜாப்’ என்று போட வேண்டும். ‘எக்ஸ்பீரியன்ஸ்’ பணி அனுபவம் என்றால் ‘ஏ’ கிடையாது, நடந்த ஒரு சம்பவம் என்றால் ‘ஏ பேட் எக்ஸ்பீரியன்ஸ்’. இன்டர்வியூவில் ‘ஐ ஹேவ் ஆன் எக்ஸ்பீரியன்ஸ் ஆஃப் டூ இயர்ஸ்’ என்று சொல்லாமல் ‘ஐ ஹேவ் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று சொல்ல வேண்டியது இதனால்தான்.

மாறவே மாறாத பிடிவாதக்காரச் சொற்கள் சில உண்டு, இவற்றை மனப்பாடம் செய்துவிடுவதே நல்லது: அட்வைஸ், இன்ஃபர்மேஷன், நியூஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், மெஷினரி, ஹோம்ஒர்க், டிராஃபிக், வெதர், ப்ராக்ரஸ், லக். தமிழில் ‘ஒரு யோசனை சொல்லுங்க’, ‘ஒரு தகவல் வந்திருக்கு’, ‘ஒரு நல்ல சேதி’ என்று சகஜமாகப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஏ பீஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘சம் இன்ஃபர்மேஷன்’, ‘குட் நியூஸ்’. முன்னால் பெயரடை போட்டாலும் இவை மசியாது: ‘ஏ குட் அட்வைஸ்’, ‘ஏ குட் வெதர்’ இரண்டும் தப்பு. ஆனால் ‘நாலெட்ஜ்’, ‘எஜுகேஷன்’ போன்றவை பெயரடையோ விளக்கமோ சேர்ந்தால் ‘ஏ’ ஏற்கும்: ‘ஏ குட் எஜுகேஷன்’, ‘ஏ சவுண்ட் நாலெட்ஜ் ஆஃப் கிராமர்’.

இப்போது ‘ஏ’யா ‘ஆன்’ஆ. தமிழில் ‘ஒரு வயல்’, ‘ஓர் ஊர்’ என்று உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஓர்’ போடுவது தெரிந்த பிள்ளைக்கு இது புதிதில்லை. ஆங்கிலத்திலும் உயிர் ஒலிக்கு முன்னால் ‘ஆன்’, மெய் ஒலிக்கு முன்னால் ‘ஏ’. இரண்டில் ‘ஆன்’தான் மூத்தது. ‘ஒன்’ என்ற எண்ணும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை, மெய் ஒலிக்கு முன்னால் அதன் ‘ன்’ தேய்ந்து ‘ஏ’ ஆயிற்று. அந்த ‘ன்’ எந்தச் சொல்லுடையது என்ற குழப்பத்தில் ‘ஏ நேப்ரன்’ என்றிருந்தது ‘ஆன் ஏப்ரன்’ என்று பிரிந்து, இன்றைக்கு அந்தச் சொல்லே ‘ஏப்ரன்’ ஆகிவிட்டது.

தடுக்கும் இடம், ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருக்காது என்பது. ஐந்து உயிரெழுத்தைப் பார்த்து ‘ஆன்’ போடு என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை ‘ஆன் யுனிவர்சிட்டி’ என்றுதான் எழுதும். யுனிவர்சிட்டி, யூனிஃபார்ம், யூனிட், யூனியன், யூரோப்பியன், யூஸ்ஃபுல் எல்லாம் ‘யூ’ ஒலியில் தொடங்குவதால் ‘ஏ’. அம்பிரெல்லா, அர்ஜென்ட், அங்கிள் ‘ஆன்’. ஒன்றிய அலுவலகம் ‘ஏ யூனியன் ஆஃபீஸ்’, அவசரக் கூட்டம் ‘ஆன் அர்ஜென்ட் மீட்டிங்’. ‘ஒன்’ என்பது ‘வன்’ என்று ஒலிப்பதால் ‘ஆன் ஏக்கர்’ என்பது ‘ஏ ஒன் ஏக்கர் ஃபீல்டு’ ஆகிவிடும். அடுத்து நிற்கும் சொல்லைப் பொறுத்தது என்று சொன்னது இதைத்தான்: ‘ஆன் ஆபீசர்’, ‘ஏ ரெவின்யூ ஆபீசர்’, ‘ஏ டேம்’, ‘ஆன் ஓல்டு டேம்’.

நம் நாக்கு செய்கிற மூன்று வேலைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் இருக்காது. பேச்சில் நாம் ‘எலி’யை ‘யெலி’ என்றும் ‘ஒண்ணு’வை ‘வொண்ணு’ என்றும் சொல்கிறோம். அதே பழக்கத்தில் ‘எக்’ என்பது ‘யெக்’, ‘எம்.எல்.ஏ.’ என்பது ‘யெம்மெல்லே’ ஆகி, காதுக்கு ‘ஏ எக்’, ‘ஏ எம்.எல்.ஏ.’ சரி போலத் தோன்றும். தலைகீழாக, ‘இயர்’ என்ற சொல்லின் தொடக்கத்தில் உள்ள ‘ய்’யை விழுங்கிவிட்டு ‘ஆன் இயர்’ என்று எழுதுவார்கள். ஆண்டுக்கான சொல் ‘யியர்’ என்று ‘ய்’யில் தொடங்குகிறது, எனவே ‘ஏ இயர்’. காதுக்கான ‘இயர்’ உயிரில் தொடங்குவதால் ‘ஆன் இயர்’. மூன்றாவது, ‘ஹவர்’, ‘ஹானஸ்ட்’ என்று எழுத்தைப் பார்த்து ‘ஹ’வைச் சொல்வது. உச்சரிப்பு ‘அவர்’, ‘ஆனஸ்ட்’ என்பதுதான். அதனால் ‘ஆன் அவர்’, ‘ஆன் ஆனஸ்ட் மேன்’, ‘ஆன் ஆனர்’, ‘ஆன் ஏர்’, அதாவது வாரிசு. ஹவுஸ், ஹாஸ்பிட்டல், ஹோட்டல் ஆகியவற்றில் ‘ஹ’ ஒலிக்கிறது, எனவே ‘ஏ’.

சுருக்கெழுத்துகளுக்கு எழுத்தின் பெயர் எப்படி ஒலிக்கிறது என்று பாருங்கள். ஏ, ஈ, எஃப், எச், ஐ, எல், எம், என், ஓ, ஆர், எஸ், எக்ஸ் ஆகிய 12 எழுத்துகளின் பெயர் உயிரில் தொடங்கும், ‘ஆன்’ வேண்டும். ஆகவே ஆன் எஃப்.ஐ.ஆர்., ஆன் ஆர்.டி.ஓ., ஆன் எல்.ஐ.சி. பாலிசி, ஆன் எக்ஸ்ரே, ஆன் எம்.ஏ. டிகிரி. மறுபக்கம் ஏ வி.ஏ.ஓ., ஏ பி.ஏ. டிகிரி, ஏ யூ.பி.எஸ்.சி. எக்ஸாம். தலைமையாசிரியரை நாம் ‘ஹெச்.எம்.’ என்றாலும் அந்த எழுத்தின் பெயர் ‘எய்ச்’, எனவே ‘ஆன் எச்.எம்.’. எழுத்தெழுத்தாகச் சொல்லாமல் ஒரே சொல்லாகப் படித்தால் சொல்லின் ஒலிதான் கணக்கு: ‘ஆன் எஸ்.எம்.எஸ்.’, ஆனால் ‘ஏ சிம் கார்டு’. எண்களில் 8, 11, 18, 80 முதல் 89 வரை ‘ஆன்’ வாங்கும்: ‘ஆன் எய்ட்டி இயர் ஓல்டு டெம்பிள்’.

விகிதம் சொல்லும் ‘ஏ’ எளிது. ‘நாளைக்கு’, ‘கிலோவுக்கு’, ‘மணிக்கு’ என்று நாம் ‘-க்கு’ போடுகிற இடம்: ‘டுவைஸ் ஏ டே’, ‘ஃபிஃப்டி ருபீஸ் ஏ கிலோ’, ‘சிக்ஸ்டி கிலோமீட்டர்ஸ் ஆன் அவர்’. ‘சச்’, ‘வாட்’, ‘ஹாஃப்’ ஆகியவற்றுக்குப் பின்னால்தான் ‘ஏ’ நிற்கும்: ‘சச் ஏ குட் ஹார்வெஸ்ட்’, ‘வாட் ஏ கிரவுடு’, ‘ஹாஃப் ஆன் அவர்’. நோய்களில் ‘ஏ கோல்டு’, ‘ஏ ஹெடேக்’, ‘ஏ ஃபீவர்’, ‘ஏ ஹார்ட் அட்டாக்’ உண்டு. டெங்கு, மலேரியா, டயாபடீஸ் போன்ற நோய்ப் பெயர்களுக்கு இல்லை.

‘ஏ ஃபியூ’, ‘ஏ லிட்டில்’ மட்டும் கவனம், இங்கே ‘ஏ’ இருப்பதும் இல்லாததும் பொருளையே புரட்டும். ‘ஏ ஃபியூ ஃபார்மர்ஸ் கேம்’ என்றால் சில பேர் வந்தார்கள், பரவாயில்லை. ‘ஃபியூ ஃபார்மர்ஸ் கேம்’ என்றால் அவ்வளவாக யாரும் வரவில்லை. வாய்க்காலில் ‘ஏ லிட்டில் வாட்டர்’ இருந்தால் கொஞ்சமாவது பாய்ச்சலாம். ‘லிட்டில் வாட்டர்’ என்றால் நடவுக்குத் தேறாது.

ஓர் இனத்தையே பொதுவாகச் சொல்லும்போதும் ‘ஏ’ வரும்: ‘ஏ பஃபலோ கிவ்ஸ் மில்க்’. எந்த எருமையை எடுத்தாலும் பொருந்துகிற கூற்று என்றால் மட்டும். இனம் முழுவதற்கும் சேர்த்து உண்மையான ஒன்றை அப்படிச் சொல்ல முடியாது. புலி இனம் அருகிவருகிறது என்பதை ‘ஏ டைகர்’ என்று தொடங்கினால் ஏதோ ஒரு புலி அருகிவருவதாக ஆகும். ‘தி டைகர்’ அல்லது ‘டைகர்ஸ்’ என்று போட வேண்டும்.

பிள்ளைகள் அடிக்கடி எழுதும் விடுப்புக் கடிதத்தில் இதையெல்லாம் ஓட்டிப் பார்ப்போம். ‘ஐ ஆம் ஸ்டூடன்ட் ஆஃப் டென்த் ஸ்டாண்டர்டு. யெஸ்டர்டே ஐ ஹேட் ஃபீவர் அண்டு ஏ பாடி பெயின்ஸ். மை ஃபாதர் டுக் மி டு கிளினிக் இன் திருவாரூர். தி டாக்டர் கேவ் மி ஏ அட்வைஸ் டு டேக் ரெஸ்ட். ப்ளீஸ் கிராண்ட் மி ஏ டூ டேஸ் லீவ்.’

முதல் வாக்கியம் வகைப்படுத்துகிறது, ‘ஏ ஸ்டூடன்ட்’. இரண்டாவதில் ‘ஏ ஃபீவர்’ என்று போடுவது பொது வழக்கு, இந்திய ஆங்கிலத்தில் ‘ஏ’ இல்லாமலும் எழுதுகிறார்கள். ‘பெயின்ஸ்’ பன்மை, அதன் ‘ஏ’ போக வேண்டும். கிளினிக் எண்ணக்கூடியது, எது என்று படிப்பவருக்குத் தெரியாது, ‘ஏ கிளினிக்’. டாக்டருக்கு ‘தி’ போட்டது சரி, அந்தக் கிளினிக்கின் டாக்டர் என்று விளங்குகிறது. ‘அட்வைஸ்’ எண்ண முடியாதது. ‘ஆன்’ போட்டுத் திருத்தினாலும் தப்புதான், ‘தி டாக்டர் அட்வைஸ்டு மி டு டேக் ரெஸ்ட்’ என்று வினைச்சொல்லாக்கிவிட்டால் சிக்கலே இல்லை. கடைசியில் ‘லீவ்’. விடுமுறை என்ற பொருளில் பிரிட்டிஷ் வழக்கில் அது எண்ண முடியாத சொல், ‘ப்ளீஸ் கிராண்ட் மி லீவ் ஃபார் டூ டேஸ்’. ஒரு நாள் மட்டும் வேண்டுமென்றால் ‘ஏ டேஸ் லீவ்’ எழுதலாம், அந்த ‘ஏ’ நாளுக்கானது.

எண்ணலாமா என்ற சந்தேகம் எந்தச் சொல்லில் வந்தாலும், கற்பவர்களுக்கென்று போட்ட ஆங்கில அகராதியைத் திறந்தால் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் ‘சி’ அல்லது ‘யூ’ என்று குறி இருக்கும். ‘சி’ எண்ணக்கூடியது, ‘யூ’ எண்ண முடியாதது. ஒரே சொல்லுக்கு இரண்டும் போட்டிருந்தால் எந்த அர்த்தத்துக்கு எந்தக் குறி என்று எண் போட்டுப் பிரித்திருப்பார்கள், எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு சேர்த்து அதைப் படிக்கச் சொல்லுங்கள்.